மாடல் டி காரை வேக ஓட்டத்துக்கு மாற்றும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை வந்த வண்டி. நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஓட்டினால் மணிக்கு 65, 70 கி.மீ. போகும். அந்த வண்டியில் மட்கார்டு, முன்கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) மாற்றி, கியரை மாற்றி, கலிபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியிலோ யூட்டாவின் பான்வில் உப்புவெளியிலோ திராட்டிலை (இஞ்சினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) முழுக்கத் திறந்து ஓட்டுகிறோம். அப்போது வருவது புதுப்புதுக் கோளாறு இல்லை. அதே ஏழெட்டுக் கோளாறுதான் வண்டிக்கு வண்டி வருகிறது. அவற்றைச் சரிசெய்து பழகியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் வண்டி காட்டும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பெரிய செலவு கடைசியில். வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் இரண்டு வேலை

ஒன்று, பின் ஆக்சிலைத் திறந்து டிஃபரென்ஷியலின் இரு பக்கமும் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்களைப் பாருங்கள். அந்தக் காலத்து வாஷர் வைட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவையில் செய்தது. நூறு வருஷத்தில் அது பொரிந்து, ஒருநாள் தூளாகிவிடும். தூளானதும் ஆக்சிலிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல், டிரைவ்ஷாஃப்ட் முனையிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனை விட்டு விலகும். மாடல் டி-யில் கால் பிரேக் வேலை செய்வது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்மிஷனுக்குள். ஆகவே பினியன் தொடர்பு அறுந்த நொடியில் பிரேக்கும் போய்விடும். வெண்கல வாஷர் விலை மிகக் குறைவு, ஆக்சிலைப் பிரிக்கும் உழைப்புதான் அதிகம். "போன முதலாளி மாற்றிவிட்டார்" என்ற பேச்சை நம்பி ஓட்டாதீர்கள், உங்கள் கண்ணால் பாருங்கள்.

இரண்டு, நீங்கள் ஓடப்போகும் போட்டியின் விதிப்புத்தகத்தை வண்டியில் கை வைப்பதற்கு முன் படியுங்கள். எல் மிராஜிலும் பான்வில்லிலும் பரிசோதகர்கள் ரோல் கேஜ், பெல்ட், தீயணைப்பு, டயர், பிரேக் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஓட விடுவார்கள். வண்டியைக் கட்டி முடித்தபின் கேஜுக்கு இடம் தேடினால் பாதி வேலையை உடைத்துத்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி: ஒரு வேகத்துக்கு மேல் ஏறவே மறுக்கிறது

இஞ்சின் சீராக ஓடுகிறது, மிஸ்ஸிங் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் வேகம் 90 கி.மீ.யோடு நின்றுவிடுகிறது. பெரும்பாலோர் உடனே புது ஹெட் வாங்கப் போவது இந்த அறிகுறிக்குத்தான். பொறுங்கள்.

முதலில் வண்டி நிற்கும்போது ஒருவரைத் திராட்டில் லீவரை முழுக்க இழுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கார்புரேட்டரில் பட்டர்ஃபிளை முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். ராடு வளைந்து, முக்கால்வாசியே திறக்கும் வண்டிகள் நிறைய. அடுத்து ஸ்பார்க் லீவர். அதைக் கீழே வரை இழுத்தால்தான் முழு அட்வான்ஸ், அதாவது ஸ்பார்க் மிக முன்கூட்டியே விழும். இணைப்பு ராடு தவறாக வளைந்திருந்தால் லீவர் கீழே இருக்கும், டைமர் பாதியில் நிற்கும்.

அப்புறம் பின் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹை கியரில் கிளட்சை விடுவித்துக் கையால் சுற்றுங்கள். கனமாக இருந்தால் டிரான்ஸ்மிஷனுக்குள் டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைகளில் ஒன்று, பிரேக் பேண்டோ, லோ கியர் பேண்டோ, டிரம்மை உரசுகிறது. பேண்டுகளைத் தளர்த்துவது அரை மணி வேலை.

இவை சரியென்றால், ஒரு டாக்கோமீட்டரை வைத்து வேகத்தையும் இஞ்சின் சுற்றையும் சேர்த்து எழுதுங்கள். இங்கேதான் வழி மூன்றாகப் பிரிகிறது.

*சுற்று அதிகம், வேகம் குறைவு:* எங்கோ வழுக்குகிறது. 30 அங்குல விட்டமுள்ள டயர், 3.64 என்ற பழைய ஆக்சில் விகிதம் என்றால் 100 கி.மீ. வேகத்தில் இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,530 சுற்று ஓட வேண்டும். மீட்டர் 2,900 காட்டினால் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது தரையில் சக்கரம் வழுக்குகிறது. கிளட்ச் விரல்களின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றும் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள், மூன்றையும் ஒரே அளவு. உப்பு ஈரமாக இருந்த நாளில் மட்டும் இந்த வித்தியாசம் வந்தால் கிளட்சைத் தொடாதீர்கள், சக்கரம்தான்.

*சுற்று 2,500-ஐத் தாண்டுகிறது, இஞ்சின் திணறுகிறது:* கியர் போதவில்லை. 3-க்கு 1 என்ற வேக கியர் ஜோடி அந்தக் காலத்திலேயே விற்றது, இன்றும் செய்கிறார்கள். அதே 100 கி.மீ.க்கு அதில் 2,090 சுற்று போதும். ஆனால் இஞ்சின் பலமில்லாமல் இதைப் போட்டால் வேகம் கூடாது, குறையும்.

*சுற்றே ஏறவில்லை:* சக்தி போதவில்லை, அல்லது காற்று அதிகமாகத் தடுக்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க, காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆகவே முதலில் காற்றைக் கவனியுங்கள். ஓட்டுநர் நிமிர்ந்து உட்காராதபடி இருக்கையைத் தரையோடு இறக்குங்கள், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைத் தகடால் மூடுங்கள், பின்பக்கம் கூம்பிய வால் வையுங்கள். இதற்குப் பிறகுதான் இஞ்சினுக்குச் செலவு: ஹை கம்ப்ரஷன் ஹெட், பெரிய கார்புரேட்டர், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கடைசியாக ஓவர்ஹெட் வால்வு ஹெட், அதாவது வால்வுகள் பக்கவாட்டில் இல்லாமல் மேலே இருக்கும் ஹெட்.

ஓவர்ஹெட் வால்வு என்ன செய்யும் என்பதற்கு 1923 இண்டியனாபொலிஸ் 500 பந்தயமே சாட்சி. செவ்ரோலே சகோதரர்களின் ஃப்ராண்டினாக் ஹெட் போட்ட ஒரு மாடல் டி, எல்.எல். கோரம் ஓட்டி, அதில் ஐந்தாவதாக வந்தது. ஆனால் அந்த வண்டியின் கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு), ஆயில், பிரேக் எதுவும் சாதா டி-யில் இருந்தபடி இல்லை. ஹெட்டை மட்டும் பார்த்து ஆசைப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: சுற்று ஏறினால் மிஸ்ஸிங்

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது. மாடல் டி-யின் இக்னிஷன் அவ்வளவு அழகான அமைப்பு. ஃபிளைவீலில் 16 காந்தங்கள், அவற்றுக்கு எதிரே அசையாத 16 காயில்கள், அதுதான் மேக்னெட்டோ. டாஷ்போர்டுப் பெட்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு டிரெம்ப்ளர் காயில்கள், ஒவ்வொன்றின் மேலும் அதிர்ந்து மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் ஒரு டிரெம்ப்ளர் நாக்கு. கேம்ஷாஃப்டின் முனையில் எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்று சொல்லும் டைமர். எல்லாமே கைக்கு எட்டும் இடத்தில், கழற்றிப் பார்க்கும்படி இருக்கின்றன.

முதல் கேள்வி: மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரிலா, எல்லாவற்றிலுமா?

*ஒரே சிலிண்டர்:* இஞ்சின் ஓடும்போது உலர்ந்த மரக்குச்சியால் காயில் டிரெம்ப்ளர்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எந்தக் காயிலை அழுத்தினால் இஞ்சின் ஓட்டம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இஞ்சினை நிறுத்தி அந்தக் காயிலையும் பக்கத்துக் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் காயிலோடு நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் பிளக்கைப் பாருங்கள், பிறகு டைமரிலிருந்து வரும் ஒயரை. நூறு வருஷத்துத் துணிச்சுற்று ஒயர் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே அறுந்திருக்கும்.

காயில்தான் என்று தெரிந்தால் பாயிண்டைக் கண்ணால் பார்த்துத் திருகாதீர்கள். கையால் சுற்றும் காயில் டெஸ்டரில் நான்கையும் சுமார் 1.3 ஆம்பியருக்கு வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பழைய கெப்பாசிட்டரையும் மாற்றியிருக்க வேண்டும். டெஸ்டர் உங்களிடம் இல்லையென்றால் நான்கையும் பெட்டியில் போட்டு அந்த வேலையே செய்பவருக்கு அனுப்பிவிடுங்கள். நிபுணரிடம் போக வேண்டிய முதல் இடம் இது, செலவும் பெரிதில்லை.

*எல்லா சிலிண்டரிலும், ஒழுங்கில்லாமல்:* டைமர். மூடியைத் திறந்து உள்வட்டத்தை விரல் நகத்தால் தடவுங்கள். மேடு பள்ளம் தட்டினால் அதிவேகத்தில் ரோலர் குதிக்கிறது. ஆயிலும் கரியும் அப்பியிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ரோலரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி.

டைமர் சரியென்றால் மேக்னெட்டோ. இஞ்சினை ஓடவிட்டு, டிரான்ஸ்மிஷன் மூடியின் மேலுள்ள மேக்னெட்டோ முனையில் ஏ.சி. வோல்ட் பாருங்கள். மெதுவான ஓட்டத்தில் ஏழெட்டு வோல்ட், வேகம் ஏற ஏற 25-க்கு மேல் போக வேண்டும். ஏறாவிட்டால் முதலில் அந்த முனையையே கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஆயிலில் மிதக்கும் பஞ்சும் இரும்புத் துகளும் அதன் அடியில் சேரும். பத்து நிமிடத்தில் தீர்கிற கோளாறு சில சமயம் இதுவே. அதற்கும் சரியாகாவிட்டால் காந்தம் வலுவிழந்திருக்கிறது, அல்லது காந்தத்துக்கும் காயிலுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. இரண்டுக்கும் இஞ்சினை இறக்க வேண்டும்.

கோளாறில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேக்னெட்டோவில் ஓடும்போது ஸ்பார்க் லீவரைக் கொஞ்சம் நகர்த்தினால் எதுவும் நடக்காது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் இஞ்சின் சட்டென்று துள்ளும். ஃபிளைவீலின் ஒரு சுற்றில் மின்சாரம் 16 முறை உச்சம் தொடுவதால் ஸ்பார்க் 22.5 டிகிரி படிகளாகத்தான் நகரும். அதைச் சரிசெய்ய முயன்று டைமரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் படிதான் உங்கள் வேகத்தைத் தடுக்கிறது என்று உறுதியானால், விதி அனுமதிக்கும் வகுப்பில் 12 வோல்ட் பேட்டரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் மாறலாம். நீண்ட நேரம் உயர்சுற்றில் ஓட்டுபவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

அறிகுறி: சில நொடி நன்றாக ஓடி, பிறகு தேய்ந்து அடங்குகிறது

இக்னிஷன் கோளாறு வெட்டியதுபோல் வரும். பெட்ரோல் பற்றாக்குறை மெதுவாக வரும். கார்புரேட்டர் வழியே தும்மும், திராட்டிலைக் கொஞ்சம் மூடினால் மறுபடி உயிர் வரும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மாடல் டி-யில் பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து தானாக வழிந்து வர வேண்டும். கார்புரேட்டர் முனையில் பைப்பைக் கழற்றி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளவுக் குவளையில் பிடியுங்கள். 40 குதிரைத்திறன் எடுக்கும் இஞ்சின் முழுத் திராட்டிலில் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். அரை லிட்டராவது விழுந்தால்தான் நிம்மதி. டேங்க் கால்வாசி இருக்கும்போதும் அளந்து பாருங்கள், நிறைந்த டேங்கில் எல்லா வண்டியும் தேறிவிடும்.

குறைவாக விழுந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: டேங்க் மூடியின் காற்றுத் துளை, டேங்கின் அடியிலுள்ள செடிமெண்ட் (கசடு தங்கும்) கிண்ணத்தின் வலை, பைப்பில் எங்காவது மேலேறி இறங்கும் வளைவு, எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ஓடும் பைப்.

நின்றபடி அளந்தால் நன்றாக விழுகிறது, ஓடும்போது மட்டும் பற்றவில்லையா? அப்படியானால் காற்றுதான். 120 கி.மீ. வேகத்தில் டேங்க் மூடியின் மேல் பாயும் காற்று, துளை வழியாக டேங்கையே உறிஞ்சும். துளையிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்து, முன்பக்கம் பார்த்தோ காற்று அடங்கிய இடத்திலோ விடுங்கள். கார்புரேட்டருக்கும் இதே தொல்லை உண்டு. பானெட்டைக் கழற்றிவிட்டு ஓடினால் கார்புரேட்டர் வாயில் ஒரு அழுத்தம், மிதவைக் கிண்ணத்தின் துளையில் வேறொரு அழுத்தம். பட்டறையில் அருமையாக ட்யூன் செய்தது பாதையில் வறண்டுபோகும். இரண்டையும் ஒரே தகட்டு மறைப்புக்குள் கொண்டுவாருங்கள். இந்த ஒரு கோளாறுக்காக மூன்று கார்புரேட்டர் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் போதாமல் எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால் ரெகுலேட்டர் கட்டாயம். வழிந்து வரும் பெட்ரோலுக்கென்று செய்த ஊசி வால்வு பம்ப் அழுத்தத்தைத் தாங்காது. கார்புரேட்டர் நிரம்பி, சூடான எக்ஸாஸ்ட் மேல் வழியும். ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில் பம்பை நிறுத்தும் சுவிட்சும் வேண்டும்.

பான்வில் கடல்மட்டத்திலிருந்து 1,280 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று மெலிது, சக்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறையும், ஊரில் சரியாக இருந்த கலவை அங்கே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். ஓட்டத்தின் முடிவில் திராட்டிலை மூடாமல் இக்னிஷனை அணைத்து, கிளட்சை விடுவித்து உருண்டு நில்லுங்கள். நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றினால் அது முழுத் திராட்டிலின் நிறத்தைக் காட்டும். திரும்பவும் ஸ்டார்ட் செய்து பட்டறைக் கூடாரம் வரை ஓட்டி வந்தபின் பார்க்கும் பிளக் எதையும் சொல்லாது.

அறிகுறி: கொதிக்கிறது

ஒரு நிமிடம் ஓடும் ஓட்டத்தில் வண்டி கொதிப்பது குறைவு; வரிசையில் நின்று கொதிப்பதுதான் அதிகம். இஞ்சினை அணைத்து வையுங்கள், தள்ளிக்கொண்டு போங்கள். அடுத்து ஸ்பார்க் பின்தங்கியிருக்கிறதா, கலவை வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் பம்ப் இல்லாத வண்டி இது, சூடான நீர் தானாக மேலேறித்தான் சுழலும். நீர்மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சியே நின்றுவிடும். ரேடியேட்டரின் பித்தளைத் தகடுகள் குழாயோடு ஒட்டாமல் ஆடினால் அதற்கு மருந்து புது ரேடியேட்டர்தான்.

அறிகுறி: உள்ளேயிருந்து தட்டும் சத்தம்

இங்கே அவசரம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

ஸ்பார்க் லீவரை இரண்டு புள்ளி மேலே தள்ளுங்கள். சத்தம் நின்றால் அது வெறும் நாக்கிங் (கலவை தவறான நேரத்தில் வெடிக்கும் சத்தம்): அட்வான்ஸ் அதிகம், அல்லது ஹை கம்ப்ரஷன் ஹெட்டுக்குப் பெட்ரோலின் ஆக்டேன் போதவில்லை.

நிற்கவில்லையா? முன்பு சொன்னபடி டிரெம்ப்ளரை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் மாறினால் அந்த கனெக்டிங் ராடு பியரிங். எதை நிறுத்தினாலும் மாறாமல் ஆழமாகத் தட்டினால் மெயின் பியரிங். இரண்டில் எதுவானாலும் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

காரணத்தை ஆயிலில் தேடுங்கள். மாடல் டி-யில் ஆயில் பம்ப்பும் இல்லை. ஃபிளைவீல் காந்தங்கள் வாரி இறைக்கும் ஆயில் ஒரு மெல்லிய குழாய் வழியாக முன்பக்கம் ஓடி, அங்கிருந்து வழிந்து, ராடுகள் முங்கியெடுக்கும் பள்ளங்களை நிரப்புகிறது. அந்தக் குழாய் பஞ்சால் அடைத்தால் முன்பக்கமுள்ள முதல் ராடுதான் முதலில் பலி. முதல் ராடு மட்டும் தேய்ந்திருந்தால் குழாயைப் பாருங்கள். எல்லா ராடும் தேய்ந்திருந்தால் ஆயில் அளவு குறைந்திருந்தது, அல்லது இந்தச் சுற்றுக்கு அள்ளித் தெளிக்கும் முறையே போதவில்லை. வெளியே இரண்டாவது ஆயில் குழாய் வைப்பது மலிவான மருந்து. 3,000 சுற்றுக்கு மேல் அடிக்கடி போவதாக இருந்தால் அழுத்தத்தோடு ஆயில் கொடுக்கும் பம்ப் தவிர வழியில்லை.

இனி செலவான காரணம், கிராங்க். அதன் பியரிங் கழுத்துகள் 32 மி.மீ. கூட இல்லை. அவ்வளவு மெல்லிய கிராங்க் உயர்சுற்றில் வளைந்து வளைந்து களைத்து, கடைசியில் உடைகிறது. முன் பக்க புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் 0.4 மி.மீ.யை நெருங்கினால் மூன்றாவது மெயினின் த்ரஸ்ட் தேய்ந்துவிட்டது, காந்தங்கள் காயிலை உரசும் நாள் தூரமில்லை. அப்புறம், இஞ்சின் அடியிலுள்ள பேன் (ஆயில் தொட்டி) வளைந்திருந்தால் டிரான்ஸ்மிஷனும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. எவ்வளவு நல்ல கிராங்க் போட்டாலும் உடையும்.

நிபுணரிடம் போங்கள்: வைட் மெட்டல் ஊற்றி லைன் போரிங் செய்வது (பியரிங் துளைகளை ஒரே நேர்கோட்டில் குடைவது), கிராங்கைக் காந்த முறையில் விரிசல் சோதனை செய்வது, பேனை ஜிக்கில் வைத்து நேராக்குவது. இந்த மூன்றையும் வீட்டில் செய்யக்கூடாது. விரிசல் சோதனை செய்யாத பழைய கிராங்கோடு வேக ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.

ஹெட் பக்கம் டிக்டிக் என்று சத்தம் வந்து கூடவே சக்தியும் குறைந்தால் வால்வைப் பாருங்கள். அந்தக் கால வால்வில் எஃகுத் தண்டின் மேல் வார்ப்பிரும்புத் தலை பொருத்தியிருக்கும். உயர்சுற்றில் அந்தத் தலை கழன்று சிலிண்டருக்குள் விழும். ஒரே துண்டாகச் செய்த ஸ்டெயின்லெஸ் வால்வும் கொஞ்சம் வலுவான ஸ்பிரிங்கும் போடுங்கள்.

அறிகுறி: முன்சக்கரம் உதறுகிறது, வண்டி அலைகிறது

இதோடு இன்னொரு ஓட்டம் வேண்டாம். சரிசெய்த பிறகுதான் அடுத்தது.

முன் ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் வீல் பியரிங் அல்லது கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சுமுளை) புஷ். இடம் வலமாக ஆட்டினால் வருவது டை ராடு போல்ட், டிராக் லிங்கின் பந்து மூடிகள். இவை தேய்வது சகஜம், மாற்றுவதும் மலிவு. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, முன் விஷ்போன் கம்பியின் (முன் ஆக்சிலைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் V வடிவக் கம்பி) பந்து கிராங்க்கேஸில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஸ்பிரிங் உடைந்து பந்து ஆடினால் முன் ஆக்சில் முழுவதுமே ஆடும். 1919-க்கு முந்தைய வண்டியில் விஷ்போன் ஆக்சிலுக்கு மேலே மாட்டியிருக்கும். அது வேகத்துக்கு ஆகாது, கீழே மாட்டும் பிந்தைய வகையைப் போடுங்கள்.

மரச் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு ஆரத்தையும் கையால் திருகிப் பாருங்கள். பாலைவனக் காற்றில் மரம் காய்ந்து சுருங்கி, ஆரங்கள் கிறீச்சிடும். நான் மரச் சக்கரத்தில் வேக ஓட்டத்தை ஒப்புக்கொள்வதே இல்லை. விளிம்பில் காற்றழுத்தத்தால் மட்டும் பிடித்து நிற்கும் கிளிஞ்சர் டயரையும் அப்படித்தான். அழகுக்கு அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பாதையில் எஃகுச் சக்கரமும் அந்த வேகத்துக்கென்று மதிப்பிட்ட டயரும்தான் வேண்டும்.

ஆட்டம் எங்குமே இல்லை, ஆனாலும் அலைகிறதா? வண்டியைத் தாழ்த்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கையோ ஆக்சிலையோ மாற்றி இறக்கும்போது கிங்பின்னின் சாய்வு மாறிவிடுகிறது. அது பின்பக்கம் சுமார் 5.5 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கோணமானியை வைத்து அளங்கள். சாய்வு போய்விட்டால் ஸ்டீயரிங் தானாக நேராகாது. முன்பக்கம் சாய்ந்துவிட்டால் சக்கரம் தானாகவே ஒடிக்கும், உயிருக்கு ஆபத்து. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே முன்விளிம்பில் உள்ள இடைவெளி பின்விளிம்பில் உள்ளதைவிட 5, 6 மி.மீ. குறைவாக இருக்கட்டும்.

கடைசியாக, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கோடி வரை திருப்பிப் பாருங்கள். தேய்ந்த மாடல் டி-யில் ஸ்டீயரிங் கை டிராக் லிங்கோடு நேர்கோட்டுக்கு வந்து, மறுபக்கம் மடங்கி மாட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க நிறுத்தம் வையுங்கள். விஷ்போனையோ ஆக்சிலையோ சூடாக்கி வளைக்கவோ வெல்டு செய்யவோ வேண்டியிருந்தால் அந்த வேலையைச் சான்றுபெற்ற வெல்டரிடம் விடுங்கள்.

1904 ஜனவரி 12 அன்று ஹென்றி ஃபோர்டு செயின்ட் கிளேர் ஏரியின் பனிக்கட்டி மேல் மணிக்கு 147 கி.மீ. ஓட்டினார். வழுக்காமலிருக்க பனியில் நிலக்கரிச் சாம்பலைப் பரப்பியிருந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே இரு கையும் போதாமல், ஸ்பைடர் ஹஃப் என்ற மெக்கானிக் கூடவே தொற்றிக்கொண்டு திராட்டிலைப் பார்த்துக்கொண்டார். அப்படிப் போராடிப் பிடிப்பது அன்றைக்கு வேறு வழியில்லாததால். இன்றைக்கு நமக்கு வழி இருக்கிறது.

அறிகுறி: பிரேக் மெதுவாகப் பிடிக்கிறது, அல்லது பிடிக்கவில்லை

பேண்டை இறுக்குங்கள், லைனிங்கைப் பாருங்கள். அதற்குமேல் இந்தப் பிரேக்கை நம்பாதீர்கள். யுனிவர்சல் ஜாயிண்ட், டிரைவ்ஷாஃப்ட், பினியன், ஆக்சில் கீ, இவற்றில் எது உடைந்தாலும் கால் பிரேக் வெறும் பெடல்தான். பின் சக்கர டிரம்களை வெளியிலிருந்து நேராகப் பிடிக்கும் தனி பிரேக் இல்லாமல் ஓடவே கூடாது.

பின் ஆக்சில் ஆயிலை ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் விடுங்கள். வெள்ளி நிறத் துகள் தெரிந்தால் வைட் மெட்டல் வாஷர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பித்தளை நிறம் கொஞ்சமாக இருந்தால் கவலையில்லை, கூடிக்கொண்டே போனால் பிரியுங்கள். பின் சக்கர ஹப் நட்டுகளை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மறுபடி இறுக்குங்கள். ஹப் தளர்ந்தால் முதலில் கீ நறுங்கும், பிறகு ஆக்சில் உடைந்து சக்கரமே கழன்றுபோகும்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு

கிளட்சை விடுவித்து உருளவிடுங்கள். அதிர்வு தொடர்ந்தால் சக்கரம், டயர், டிரைவ்ஷாஃப்ட். நின்றால் இஞ்சின், டிரான்ஸ்மிஷன். எதுவானாலும் சந்தேகிக்க வேண்டியது டிரான்ஸ்மிஷனின் பின்முனையிலுள்ள நான்காவது மெயின் பியரிங். அது தேய்ந்தால் யுனிவர்சல் ஜாயிண்ட் வட்டம் விட்டுச் சுற்றும், கிராங்கின் பின்முனைக்கும் அந்த அடி போகும். டிரான்ஸ்மிஷன் டிரம்களையும் ஃபிளைவீலையும் பேலன்ஸ் செய்ய மெஷின் ஷாப் வேண்டும். ஃபிளைவீல் காந்தங்களின் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்தாலும் அது குண்டுபோலப் பறக்கும் என்பதால், அந்த வேலையை யார் செய்தாலும் ஸ்க்ரூக்களைக் கம்பியிட்டுப் பூட்டியிருக்கிறார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

அறிகுறி: முதல் ஓட்டத்தில் வந்த வேகம் இரண்டாவதில் வரவில்லை

பான்வில்லில் சாதனையாகப் பதிவாக இரண்டு ஓட்டங்களின் சராசரி வேண்டும். அங்கே பந்தய வாரத்தில் முதல் ஓட்டத்தில் தகுதி பெற்றால் வண்டி தனிப் பகுதிக்குப் போகும், அங்கே வேலை செய்ய நான்கு மணி நேரம் தருவார்கள், மறுநாள் காலை இரண்டாவது ஓட்டம். அந்த நான்கு மணி நேரத்தில் எதையும் "இன்னும் நன்றாக்க" முயலாதீர்கள். முதலில் ஆயில் அளவு, பிளக் நிறம், ஹப் நட்டு. அடுத்து இஞ்சின் ஆறியதும் ஃபீலர் கேஜை வைத்து வால்வு இடைவெளி. முழுத் திராட்டிலில் ஒரு ஓட்டம் போனாலே எக்ஸாஸ்ட் வால்வு உட்கார்ந்து இடைவெளி சுருங்கியிருக்கும், வேகம் குறைய இதுவே போதும். பிறகு கம்ப்ரஷன் சோதனை. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் வால்வு, பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

எல்லாமே சரியாக இருந்து, காலையில் வேகம் மட்டும் மாறினால் காற்றின் திசையையும் வெப்பநிலையையும் எழுதி வைத்த நோட்டோடு ஒப்பிடுங்கள். காலைக் குளிரில் காற்று அடர்த்தி என்பதால் கலவை வறளும். கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் திறந்தால் சரியாகிவிடும். எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை முந்தைய நாட்களின் காலை ஓட்டங்களில் நீங்கள் எழுதிய குறிப்புதான் சொல்லும்.